சாப்ளின் இருக்கிறார், காளிதாஸ் எங்கே?

இரவு ஒன்பதரை மணி. திருவள்ளூர் ரயிலடியை ஒட்டிய மணவாள நகரில் ஒரு சின்ன மாடி வீடு. இரண்டாவது ஷிப்டு ஆட்களை இறக்கிவிட வரும் கம்பெனி பஸ்களின் இரைச்சல் தெருவில் இன்னும் தொடங்கவில்லை. கூடத்தில் ஒரு பெரியவர் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். டி.வி.டி. ஒன்றை வேட்டி நுனியால் துடைக்கிறார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். கருவியின் தட்டில் வைத்து உள்ளே தள்ளுகிறார். ஆயுளில் பாதியைத் தொழிற்சாலையில் பிட்டராகக் கழித்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் தெரியுமா என்றால், இயந்திரப் படத்தில் அச்சிட்ட எழுத்துக்களைக் கூட்டிப் படிப்பார். அவ்வளவுதான். பக்கத்தில் அவருடைய பேரன், ஏழாம் வகுப்பு.

திரையில் வருவது சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்'. 1931ஆம் ஆண்டுப் படம்.

"தாத்தா, இந்த ஆள் ஏன் பேசவே மாட்டேங்கிறான்?"

"பேசினா இங்கிலீஷ்ல பேசுவான். உனக்கும் எனக்கும் புரியுமா? அதான் நம்ம ரெண்டு பேருக்காகவும் பேசாம இருக்கான். பேசாம பாருடா."

நான் அந்த வீட்டுக்குப் போனது வேறு காரியமாக. போனவன் படம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலான ஒரு படம், நேற்று எடுத்ததுபோல் பளிச்சென்று, கண் தெரியாத பூக்காரியின் கன்னத்து மயிர்கூடத் தெரியும்படி ஓடுகிறது. இது சாதாரண விஷயமா? யோசித்துப் பார்த்தால் இல்லை என்றே தோன்றுகிறது.

கடைசி வண்டியைப் பிடித்த காலம்

ஹாலிவுட் படம் பார்ப்பது என்றால் ஒரு காலத்தில் அது பயணம். திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு நாற்பது கிலோ மீட்டருக்குச் சற்று மேல். ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்க வேண்டும். மவுண்ட் ரோடு பக்கம் காஸினோ இருந்தது, எல்பின்ஸ்டன் இருந்தது, ஜார்ஜ் டவுனில் மினர்வா இருந்தது. 1964இல் 'கிளியோபாட்ரா' படத்துடன் ஸபையர் திறந்தது. அதே கட்டடத்தில் புளூ டயமண்டும் எமரால்டும் இருந்தன. புளூ டயமண்டில் ஒரு விசேஷம் உண்டு. காட்சிகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த நேரத்திலும் நுழையலாம். வந்த இடத்திலிருந்து பார்த்து, படம் சுற்றி மறுபடி அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து போகலாம். வெயிலுக்கு ஒதுங்கியவர்களும் உண்டு என்பார்கள். குளிர்சாதன வசதி இருந்ததல்லவா! 1994இல் அந்த மூன்றும் மூடப்பட்டன.

நம் பெரியவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அண்ணனோடு போய் 'பென்ஹர்' பார்த்தாராம். தேர்ப் பந்தயம் முடிந்ததும் அண்ணன் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். கடைசி வண்டி தப்பிவிடும். படத்தின் முடிவு என்ன என்பதை அவர் தெரிந்துகொண்டது இருபது வருஷம் கழித்து. அன்றைக்கெல்லாம் ஒரு படத்தை விட்டால் விட்டதுதான். அது மறுபடி எப்போது வரும் என்பது கொட்டகைக்காரருக்கே தெரியாது.

அப்புறம் 'டெக்' வந்தது. 1976இல் ஜப்பானில் வி.எச்.எஸ். வீடியோ கருவி விற்பனைக்கு வந்தது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் கலர் டெலிவிஷன் வந்தது. அதன் பிறகு நாலைந்து வருஷத்தில் ஊருக்கு ஊர் வாடகைக் கடை முளைத்தது. சனிக்கிழமை இரவு ஒரு டெலிவிஷன், ஒரு டெக், நாலு கேசட் - சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கடைப் பையன் வருவான். தெருவே பாய் விரித்து உட்காரும். முதலில் பக்திப் படம், பெரியவர்களுக்காக. அப்புறம் எம்.ஜி.ஆர்., சிவாஜி. விடியற்காலை மூன்று மணிக்கு நாலாவது கேசட்டாக இங்கிலீஷ் படம். அதற்குள் பாதித் தெரு குறட்டை விடும். விழித்திருப்பவர்கள் எல்லாம் சண்டைக்காகக் காத்திருப்பவர்கள். 'பென்ஹர்' முடிவை நம் பெரியவர் கண்டது அப்படி ஓர் இரவில்தான்.

அந்த கேசட்டில் இன்னொரு விஷயமும் கண்டார். கொட்டகையில் பார்த்த பந்தயம் இதுவல்ல! அங்கே தேருக்கு நாலு குதிரையாக ஒன்பது தேர்களும் திரையை நிரப்பி வந்தன. இங்கே ஒன்றிரண்டுதான் தெரிகின்றன. காரணம் எளிது. 'பென்ஹர்' மிக அகலமான படம். உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு அகலம். பழைய டெலிவிஷன் பெட்டியோ கிட்டத்தட்டச் சதுரம். ஆகவே கேசட் தயாரித்தவர்கள் இரண்டு பக்கத்தையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவை மட்டும் கொடுத்தார்கள். வெட்டுப்பட்ட ஓரங்களில் போனவை எத்தனையோ குதிரைகள்!

கேசட்டுக்குப் பின் வி.சி.டி. வந்தது, ஒரு படத்துக்கு இரண்டு தட்டு. பர்மா பஜார் நடைபாதையில் அடுக்கி வைத்து விற்றார்கள். நிழலில் முகம் தெரியாது; கட்டம் கட்டமாகச் சிதறும். அதன் பின் டி.வி.டி. அகலப் படம் அகலமாகவே வந்தது. கீழே எழுத்துக்களும் வந்தன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஊமைப் படம் என்றாலே ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்று நினைக்கிறோம். அந்தக் காலத்து ஜனங்கள் அப்படி ஓடவில்லை, நடிகர்களும் ஓடவில்லை. கையால் சுழற்றும் காமிராவில் வினாடிக்குப் பதினாறு, பதினெட்டு படமாக எடுத்ததை, பேசும் பட இயந்திரத்தில் வினாடிக்கு இருபத்துநாலாக ஓட்டியதால் வந்த வினை அது. நல்ல முறையில் தயாரித்த டி.வி.டி.யில் வேகத்தைச் சரிப்படுத்தியிருப்பார்கள். அதில் பார்த்தால் அந்த மனிதர்கள் நம்மைப்போலவே நடக்கிறார்கள், நம்மைப்போலவே தயங்குகிறார்கள்.

கார்க் கதவு

வீட்டில் படம் பார்ப்பதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. கொட்டகையின் இருட்டு எங்கே, நாலு பேர் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொட்டகையில் செய்ய முடியாத ஒன்றை வீட்டில் செய்யலாம். நிறுத்தலாம்; பின்னுக்குப் போகலாம்; மறுபடி பார்க்கலாம்.

'சிட்டி லைட்ஸ்' படத்தில் நாடோடி முதல் தடவை பூக்காரியைச் சந்திக்கும் காட்சி. போலீஸ்காரன் கண்ணில் படாமல் இருக்க, நெரிசலில் நின்ற ஒரு பெரிய காருக்குள் ஒரு கதவு வழியாக ஏறி மறு கதவு வழியாக இறங்குகிறான். கதவு 'தட்'டென்று மூடுகிறது. படத்தில் அந்தச் சத்தம் நமக்குக் கேட்காது; அவளுடைய முகம் திரும்புவதிலிருந்து தெரிகிறது. காரிலிருந்து இறங்குகிறவர் பணக்காரர்தான் என்று அவள் முடிவு செய்கிறாள். பிறகு உண்மையான கார்க்காரர் வந்து ஏறிப் போய்விடுகிறார். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் அந்தப் புண்ணியவான் போய்விட்டார் என்று அவள் நினைக்கிறாள். நாடோடி ஓசைப்படாமல் ஒதுங்கி உட்கார்ந்து அவளையே பார்க்கிறான். அவள் பூத்தொட்டித் தண்ணீரை அவன் முகத்திலேயே வீசுகிறாள்! மொத்தம் சில நிமிஷம். கதை முழுவதும் அந்தக் கதவின் மேல்தான் நிற்கிறது.

இந்த ஒரு யோசனை கிடைக்காமல் சாப்ளின் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1928 கடைசியில் ஆரம்பித்த படப்பிடிப்பு 1930 வரை இழுத்தது. இந்தச் சந்திப்புக் காட்சியை மட்டும் முந்நூறு தடவைக்கு மேல் எடுத்தார் என்று கணக்குச் சொல்கிறார்கள். நடுவில் பூக்காரியாக நடித்த வர்ஜீனியா செரிலை வேலையை விட்டு நீக்கினார். மறுபடி அவரையே கூப்பிட்டுக்கொண்டார். ஒதுக்கிய துண்டுகளையும் சாப்ளின் முழுக்கத் தூக்கி எறிந்துவிடவில்லை. 1983இல் கெவின் பிரௌன்லோ, டேவிட் கில் என்ற இரு ஆங்கிலேயர்கள் அத்தகைய துண்டுகளைத் தேடி எடுத்து, அவர் எப்படி வேலை செய்தார் என்பதையே மூன்று பகுதி டெலிவிஷன் படமாக்கிவிட்டார்கள்.

பெரியவர் அந்தக் கதவுக் காட்சியை மூன்று தடவை பின்னுக்குத் தள்ளிப் போட்டார். "பாருங்க சார், ஒரு போல்ட்டு கழண்டா மிஷினே நின்னுடும்பாங்களே, அந்தக் கதவை எடுத்துட்டா படமே இல்ல" என்றார். சினிமா விமர்சகர்கள் பலர் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

நம்மவர்களும் இந்தப் படங்களைக் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். 'ரோமன் ஹாலிடே' (1953) பார்த்துவிட்டு 'சந்திரோதயம்' (1966) பாருங்கள். 'கம் செப்டம்பர்' (1961) பார்த்துவிட்டு 'அன்பே வா' (1966) பாருங்கள். 'சிட்டி லைட்ஸ்' பார்த்துவிட்டு விஜய், சிம்ரன் நடித்த 'துள்ளாத மனமும் துள்ளும்' (1999) பாருங்கள். எங்கே எடுத்தார்கள், எங்கே விட்டார்கள், எங்கே நம் வீட்டு மணம் சேர்த்தார்கள் என்று ஒரே ராத்திரியில் ஒப்பிட்டுவிடலாம். எனக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு தெரியவில்லை.

பயந்தவர்களைப் பிழைக்க வைத்த பெட்டி

இப்படித் தெளிவாக நம் வீட்டுக்கு வருகிறதே, இதற்குக் காரணம் அமெரிக்கர்களின் கலைப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். பணம்!

ஆரம்பத்தில் அவர்களும் நம்மைப்போலத்தான். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் 2013இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் எடுத்த ஊமைப் படங்கள் சுமார் பதினோராயிரம். அவற்றில் வெளிவந்த உருவத்திலேயே மிஞ்சியிருப்பவை நூற்றுக்குப் பதினாலு. எழுபது சதவீதம் அடியோடு போய்விட்டது. 1937 ஜூலையில் நியூ ஜெர்ஸியில் பாக்ஸ் கம்பெனியின் கிடங்கு ஒரே இரவில் எரிந்தது. அந்தக் கம்பெனியின் ஊமைப் படங்களில் பெரும்பகுதி அதோடு சரி.

வீடியோ கருவி வந்தபோது ஹாலிவுட் முதலாளிகள் நடுங்கினார்கள். யூனிவர்சலும் டிஸ்னியும் ஸோனி கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். பட அதிபர்கள் சங்கத் தலைவர் ஜாக் வலென்டி 1982இல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி முன் வந்து, தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கொலைகாரன் எப்படியோ அப்படித்தான் சினிமாவுக்கு இந்தக் கருவி என்று முறையிட்டார். 1984 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ஸோனி பக்கம் தீர்ப்பளித்தது. என்ன நடந்தது? கொலைகாரன் என்று வைத மனிதனே படி அளந்தான்! கிடங்கில் தூசி படிந்து கிடந்த பழைய படங்களை ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். இரண்டாவது வருமானம் வரும் என்று தெரிந்ததும்தான் நெகடிவைத் தேடு, நல்ல பிரதி எங்கே பார், கீறலை அகற்று என்ற வேலையெல்லாம் வேகம் பிடித்தது.

1986இல் டெட் டர்னர் என்பவர் எம்.ஜி.எம்.மின் பழைய படங்களை மொத்தமாக வாங்கினார். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் பூச ஆரம்பித்தார். ஊரே கொதித்தது. அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் 1988ஆம் வருஷத்துத் திரைப்படப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி 1989 முதல் ஆண்டுதோறும் இருபத்தைந்து படங்களைத் தேசியச் சொத்து என்று பட்டியலிடுகிறார்கள்.

'இட்ஸ் எ வொண்டர்புல் லைப்' கதை இதைவிட வேடிக்கை. 1946இல் வந்தபோது அது போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் உரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். காசு கொடுக்க வேண்டாம் என்றதும் டெலிவிஷன் நிலையங்கள் எல்லாம் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அதைப் போட்டுத் தள்ளின. இன்று அமெரிக்க வீடுகளில் அதைப் பார்க்காமல் பண்டிகை இல்லை.

சாப்ளின் விஷயம் வேறு. தம் ஸ்டூடியோ, தம் பணம், தம் படம். நெகடிவை அவரே பூட்டி வைத்துக்கொண்டார். அதனால்தான் மணவாள நகரில் பூக்காரியின் கன்னத்து மயிர் தெரிகிறது.

அதே வருஷம்

படம் முடிந்தது. பையனுக்குத் தூக்கம் வரவில்லை. "இது எந்த வருஷப் படம்னு சொன்னே?" என்று கேட்டான்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு. எங்க தாத்தா அந்த வருஷம்தான் பட்டணத்துக்குப் போய் முதல் தமிழ்ப் பேசும் படம் பாத்தாரு. காளிதாஸ்."

"அதைப் போடேன்."

"அது இல்லைடா."

"கடையில வாங்கலாமே?"

"கடையிலயும் இல்ல. எங்கயும் இல்ல."

பையன் நம்பவில்லை. கைபேசியை எடுத்துத் தேடினான். போஸ்டர் வந்தது, டி.பி. ராஜலட்சுமியின் புகைப்படம் வந்தது. படம் வரவில்லை.

'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னை வால்டாக்ஸ் ரோடு கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. திருவள்ளூர் மின்சார ரயிலில் போய் இறங்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெருதான் அது. எச்.எம். ரெட்டி இயக்கியது, பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி எடுத்தது. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார்! கதைக்குச் சம்பந்தமில்லாமல் காந்தியின் கைராட்டையைப் புகழ்ந்து ஒரு பாட்டும் இருந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டு எழுதினார். பம்பாயிலிருந்து படப்பெட்டி சென்ட்ரலுக்கு வந்தபோது ஜனங்கள் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கொட்டகை வரை ஊர்வலமாகப் பின்னால் போனதாகச் சொல்வார்கள். சுவாமி புறப்பாடு மாதிரி! அப்படிக் கற்பூரம் காட்டிய பெட்டிதான் இன்று இல்லை. ஒரு ரீல்கூட இல்லை. ராஜலட்சுமி எப்படிப் பேசினார் என்று கேட்டவர் எவரும் இன்று உயிரோடு இருக்க வழியில்லை, கேட்கவும் வழியில்லை. அதே கம்பெனி அதே 1931இல் எடுத்த 'ஆலம் ஆரா', இந்தியாவின் முதல் பேசும் படம், அதுவும் போய்விட்டது.

சாப்ளின் படமும் காளிதாஸும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். அயல்நாட்டுப் பிள்ளை நம் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் பிள்ளைக்குப் புகைப்படம் மட்டும் மிச்சம்.

அதற்கு முந்திய நிலைமை இன்னும் மோசம். மோட்டார் உதிரிப் பாகங்கள் வியாபாரம் செய்த வேலூர் ஆர். நடராஜ முதலியார்தான் தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான 'கீசக வத'த்தை எடுத்தவர். அது இல்லை. சென்னையில் நூற்றுக்கு மேல் ஊமைப் படங்கள் எடுத்தார்கள். அவையும் இல்லை. தெற்கே முழுதாக மிஞ்சியது நாகர்கோயில் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றுதான். அது பிழைத்ததும் யாருடைய அக்கறையாலும் அல்ல. நாவலின் உரிமை தன்னுடையது என்று திருவனந்தபுரம் புத்தக நிறுவனம் ஒன்று கோர்ட்டுக்குப் போய்ப் படத்தைத் தடுத்துவிட்டது. பெட்டி புத்தகக் கிடங்கில் போய் முடங்கியது. நாற்பது வருஷம் அங்கேயே கிடந்ததை 1974இல் புனா ஆவணக் காப்பகம் எடுத்துக்கொண்டது. ஓடிய படங்கள் ஓடி ஓடித் தேய்ந்தன. தடுத்து வைத்த படம் தப்பியது!

ஏன் போயின? பழைய பிலிம் நைட்ரேட் என்ற ரசாயனத்தால் ஆனது. வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. நம் வெயிலில் இளகும், பிசுபிசுக்கும், பிறகு பொடியாகும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. அதிலுள்ள வெள்ளிக்காகப் பழைய பிரதிகளை எடைக்குப் போட்டவர்களும் உண்டு. படம் ஓடி முடிந்தால் அது வெறும் குப்பை என்பது அன்றைய வியாபாரம். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டி.வி.டி. என்ற இரண்டாவது வருமானத்தை அவர்கள் கனவிலும் காணவில்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனாவில் தோன்றியதே 1964இல்தான். அங்கும் 2003 ஜனவரியில் தீ விழுந்து நைட்ரேட் பிலிம்கள் ஏராளமாக எரிந்தன.

மிஞ்சியவற்றின் கதியும் பெருமைப்படும்படி இல்லை. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல், 1937இல் எம்.கே. தியாகராஜ பாகவதரை வைத்து 'அம்பிகாபதி' எடுத்தார். 'ரோமியோ ஜூலியட்' காதல் காட்சிகளைக் கோடிட்டு வசனகர்த்தா இளங்கோவனிடம் கொடுத்தார் என்பார்கள். நல்ல வேளை, படம் இருக்கிறது. ஆனால் நம்முடைய அந்தக் காலத்துப் படங்களைக் கடையில் வாங்கிப் போட்டுப் பாருங்கள். மழை பெய்வதுபோல் கோடு; பாட்டுக்கு நடுவே வெட்டு; வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. தட்டின் ஓரத்தில் விற்றவரின் கம்பெனி முத்திரை மட்டும் தெளிவாக இருக்கும்!

இன்னும் ஏதாவது கிடைக்குமா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொலைந்த படங்கள் கொட்டகைப் பரண்களிலும் அந்நிய நாட்டுக் காப்பகங்களிலும் கிடைத்தவண்ணம் இருக்கின்றன. நம் பக்கமும் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள். படப்பெட்டி ஏற்றிய வண்டிக்காரர்களின் வீடுகள் இருக்கின்றன. தமிழ்ப் படம் கப்பலேறிப் போன இலங்கை, மலேயா ஊர்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய கொட்டகைக் கிடங்கிலோ தகரப் பெட்டியில் பிலிம் சுருள் இருந்தால், தயவு செய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் இழுத்துப் பார்க்க வேண்டாம். பழைய இயந்திரத்தில் மாட்டி ஓட்டவே வேண்டாம். காடி வாசனை அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நாள் கடத்தக் கூடாது. 1950க்கு முந்தியது என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம். அடுப்பங்கரைப் பக்கமும் பூஜை விளக்குப் பக்கமும் வைக்காமல் நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். புனா காப்பகத்துக்கு எழுதுங்கள்; அது 2022 முதல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. பெட்டியின் மேல் எழுத்து மங்கிய சீட்டு ஒட்டியிருந்தால் அதைக் கிழித்துவிடாதீர்கள். படத்தின் பெயர் அதில் மட்டும்தான் இருக்கும்.